219-ஆம் வரியில் இருந்த விரல்

செத்து மூன்று வருடம் கழித்து ஒருவருக்குப் பிள்ளை பிறந்ததாக அரசாங்கத் தாள் சொல்கிறது. அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பேத்தி என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, பசியாறியாச்சா சார் என்று கேட்டாள்.

பெயர் கோமளேஸ்வரி. வயது முப்பத்தேழு. கிள்ளானில் பெரிய லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. எந்த லாரியையும் பிரித்து மாட்டுவாள். ஆனால் பட்டறை வாசலைத் தாண்டி ஒரு லாரியையும் ஓட்டிப் போக முடியாது. லைசென்ஸ் வாங்கக் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை வேண்டும். அவளிடம் இருந்தது சிவப்பு. அவள் அப்பாவிடமும் சிவப்பு, அவள் பிள்ளைகள் இரண்டு பேரிடமும் சிவப்பு. ஐந்து தலைமுறையாக மலேசியாவிலேயே பிறந்தும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குடும்பம்.

2068-இல் ஒரு சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இந்த மண்ணில் உழைத்தவரின் ரத்தம் என்று நிரூபித்தால் குடியுரிமை உண்டு. ஒரு குடும்பத்துக்கு மூன்று வாய்ப்பு. கோமளாவின் குடும்பத்துக்கு இரண்டு போய்விட்டன. மூன்றாவது விசாரணைக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. அதிலும் தோற்றால் அவள் பேரப்பிள்ளைகளுக்கும் சிவப்புதான்.

அவள் கோப்பில் விஷயம் இரண்டே வரி. எள்ளுத்தாத்தா வீரப்பெருமாள், சுங்கை ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் 219-ஆம் எண் தொழிலாளி, 1936-இல் சுரங்கம் இடிந்து இறந்தார். அவர் மகன் மருதை 1939-இல் பிறந்தார். பிறப்புப் புத்தகத்தில் தாய் அங்கம்மாள் கைநாட்டு வைத்திருக்கிறாள். தகப்பன் பெயர் வீரப்பெருமாள் என்று சொல்லி எழுத வைத்திருக்கிறாள். எழுதின கிராணி, அதாவது அந்தக் காலத்துக் குமாஸ்தா, பக்கத்திலேயே சின்னதாகக் குறித்திருக்கிறார்: இறந்துவிட்டவர்.

"மொத தடவ போனப்ப கவுண்டர்ல இருந்த ஆளு என்ன கேட்டாரு தெரியுமா சார்? செத்தவனுக்கு எப்படிம்மா புள்ள பொறந்துச்சு, உங்க பாட்டிய கேட்டுட்டு வான்னாரு. பின்னால நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எங்கப்பா அதுக்கப்புறம் ஆபிசு பக்கமே வர மாட்டேன்னுட்டாரு."

"வீட்டுல என்னா சொல்வாங்க?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சொன்னா நீங்களும் சிரிப்பீங்க. தாத்தா செத்தும் வீட்டுக்கு வந்துட்டுப் போவாராம். கருவாட்டுக் கொழம்பு வச்சா கண்டிப்பா வருவாராம். ஜப்பான்காரன் காலத்துல அந்தப் பேய் வர்றது நின்னுபோச்சாம். ரெண்டாவது விசாரணையில எங்க அத்தை இத அப்படியே சொல்லிட்டாங்க லா. மனுதாரர் தரப்பு ஆவியைச் சாட்சியாகக் காட்டுகிறதுன்னு தீர்ப்புல எழுதிட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவாட்டுக் குழம்பு சாப்பிட வருகிற பேயைப் பற்றி நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இயந்திரத்தோடு ஆறு வருடம் உட்கார்ந்திருந்தால் மனிதர்கள் சொல்வது காதில் ஏறுவது குறைந்துவிடுகிறது.

அந்த இயந்திரத்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. மோப்பம் பிடிப்பதால் நாங்கள் அதை நாய் என்றே கூப்பிடுவோம். ஒருவர் தாளைத் தொட்டால் துளி வியர்வையும் துளி தோலும் அதில் தங்கிவிடும். நூற்றைம்பது வருடம் ஆனாலும் நாய் அதைக் கண்டுபிடிக்கும். உயிரோடு இருக்கிற ஒருவரின் கையை அதன் தட்டில் வைத்தால் இரண்டையும் ஒப்பிட்டு மூன்று பதிலில் ஒன்றைச் சொல்லும்: ஒரே ஆள், ரத்தம், அந்நியர். எத்தனையாவது தலைமுறை, அண்ணனா தம்பியா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தாளை எடுத்து வைக்கிற என் வியர்வையும் அதில் படும் என்பதால், தினமும் காலையில் என் உள்ளங்கையைத் தட்டில் வைத்து நாய்க்கு அறிமுகம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு தாளில் என் வாசனையும் அதை ஒத்ததும் எங்கே இருந்தாலும் அது கழித்துவிடும்.

வேர்ச் சான்று மன்றம் இந்த வேலைக்கு என்னை விருத்தாசலத்திலிருந்து எடுத்ததற்குக் காரணம் இருந்தது. சுங்கை ஆராங் சுரங்கத்துக்கு ஆள் பிடித்த கங்காணி எங்கள் பக்கத்து ஐந்து கிராமங்களிலிருந்துதான் கூட்டிப்போயிருக்கிறார். அந்தக் கோப்புகளில் இருக்கிற ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களும் புரிகிற ஆள் தேவைப்பட்டது. வேலையில் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்: இந்தப் பதிவேடுகளில் எனக்கு ரத்த உறவு யாரும் இல்லை. எனக்குத் தெரிந்து இல்லை. போட்டேன்.

கோமளாவின் கையைத் தட்டில் வைக்கச் சொன்னேன். கழுவிக் கழுவியும் ரேகைக்குள் கிரீஸ் கறுப்பாக நின்றது. பிறகு சுரங்க விபத்து விசாரணைக் கோப்பை எடுத்தேன். போரில் மற்ற புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. விபத்து நடந்த வாரத்தின் பெரட்டுப் பக்கங்கள் மட்டும் அந்தக் கோப்புக்குள் தைத்து வைத்திருந்ததால் தப்பித்தன. பெரட்டு என்றால் ஷிஃப்டுக்கு முன்னால் ஆள்கணக்கு எடுப்பது. ஒவ்வொருவரும் தன் எண்ணுக்கு நேரே கட்டை விரலை மையில் தொட்டு அழுத்திவிட்டு, அந்த எண் பொறித்த பித்தளை வில்லையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்குவார்கள்.

இறந்தவருக்குக் கடைசி நாள் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது விதி. விசாரணை அதிகாரி முத்திரை வைத்த பக்கம் அதுதான். வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டு, 219-ஆம் வரி. கறுப்பு மையில் நல்ல தெளிவான கைநாட்டு. நாயை விட்டேன்.

கலப்பு நீக்கப்பட்டது, தடயம் இல்லை என்றது.

என் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். கையுறை போட்டு, தாளைக் காற்றில் ஆற்றி, மறுபடி விட்டேன். அதே பதில். மறுநாளும் அதே பதில்தான். மேல் வரியிலும் கீழ் வரியிலும் நாய்க்கு ஒரு தொல்லையும் இல்லை. அந்த ஒரு வரியில் மட்டும் நான் எச்சில் கையை வைத்துத் தேய்த்தது போல எல்லாவற்றையும் துடைத்துப்போட்டது.

தடயம் இல்லை என்று எழுதிக்கொடுத்தால் கோமளாவின் கதை முடிந்தது. என் கவனக்குறைவால் முடிந்தது என்றாகிவிடும். மூன்றாம் நாள் பக்கத்து அறை ஃபௌசியாவைக் கூப்பிட்டேன். பினாங்கு துறைமுகக் கோப்புகளைப் பார்ப்பவள். அந்த அலுவலகத்தில் நான் ஒரு நாளில் தமிழ் பேசினால் அது அவளோடுதான். நாய் கழிக்க வேண்டிய பட்டியலிலிருந்து என் கையை எடுத்துவிட்டேன். அவள் தன் கையை வைத்து நாயை மறுபடி விட்டாள்.

திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நல்ல தடயம். ஒரு கொறையும் இல்ல. ஆனா இந்த விரல் கோமளாவுக்கு அந்நியர்."

கவுண்டரில் சிரித்தவர்கள் எல்லாரும் ஜெயித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"இருங்க, இன்னும் இருக்கு. நம்ம கிட்ட பதிஞ்சிருக்கிற உயிருள்ள கை எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாத்துச்சு. ஒருத்தரோட மட்டும் ரத்தம்னு சொல்லுது." அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "அது நீங்க."

நாய் மூன்று நாளாகத் துடைத்துப்போட்டது என் வியர்வையை அல்ல. என் ரத்தத்தை.

கோப்பைப் பின்பக்கமாகப் புரட்டினேன். விபத்து நடந்த வெள்ளிக்கிழமை மாலை ஷிஃப்டுக்கு வராதவர்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரே பெயர். 304, சடையன், ஊர் பெரியநெசலூர், ஓடிவிட்டான்.

பெரியநெசலூர் என் ஊர். சடையன் என் அப்பாவின் பூட்டன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், பிள்ளைகளுக்கு வைக்கவும் மாட்டார்கள். கைப்பிள்ளையோடு பெண்டாட்டியை விட்டுவிட்டு மலாயாவுக்குப் போனவன், ஆறேழு வருடம் கடுதாசி போட்டுக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்திவிட்டான். கம்பெனியைக் கேட்டதற்கு ஓடிவிட்டான் என்று பதில் வந்தது. வேறு பெண்ணோடு இருக்கிறான் என்று ஊர் முடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பெயர் ஓடுகாலி வம்சம். என் அம்மா கல்யாணமாகி வந்த வாரமே தண்ணிக் குழாயடியில் அவளிடம் சொன்னார்களாம்: கயிறு போட்டுக் கட்டி வச்சிக்கடி உன் புருசன.

சுங்கை ஆராங் என்ற பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மலாயா என்று மட்டும்தான் தெரியும். அதனால்தான் அந்தத் தாளில் துணிந்து கையெழுத்துப் போட்டேன்.

ஃபௌசியா மற்ற பக்கங்களையும் நாய்க்குக் காட்டினாள். ஐந்து நாள், காலையும் மாலையுமாகப் பத்துப் பக்கம். அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் குடியிருந்த லயத்தின், அந்தக் கூலி வரிசை வீடுகளின், ரகசியம் முழுக்கத் திரையில் வந்துவிட்டது.

விரல்கள் வரி மாறி உட்கார்ந்திருந்தன. ஒருவரின் வரியில் இன்னொருவரின் விரல். லயத்தின் நாற்பத்தாறு பேரில் பதினொரு பேர் அந்த ஒரே வாரத்தில் இப்படிச் செய்திருக்கிறார்கள். வீரப்பெருமாளும் சடையனும் பக்கத்துப் பக்கத்து வீடு; அவர் காலை ஷிஃப்ட், சடையன் மாலை ஷிஃப்ட். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் லயத்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று விசாரணையிலேயே கங்காணி சொல்லியிருக்கிறார். அதனால் ஒருவன் படுத்துவிட்டால் இன்னொருவன் தன் ஷிஃப்டையும் பார்த்துவிட்டு அவன் ஷிஃப்டையும் பார்ப்பான். அவன் வரியில் விரலை வைத்து, அவன் வில்லையை மாட்டிக்கொண்டு இறங்குவான். கரி படிந்த முகத்தில் யார் எவர் என்று கிராணிக்குத் தெரியாது. காலைக் கிராணி வேறு, மாலைக் கிராணி வேறு.

செவ்வாய்க்கிழமை மாலை சடையனின் வரியில் வேறொரு விரல் இருந்தது. அதே விரல் திங்கள் முதல் வியாழன் வரை காலையில் வீரப்பெருமாளின் வரியில் இருந்தது. கோமளாவுக்கு அது ரத்தம். செவ்வாய்க்கிழமை வீரப்பெருமாள் சடையனுக்காக இறங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை சடையன் அவருக்காக இறங்கியிருக்கிறார்.

அன்று காலை பத்து மணிக்கு மேற்குச் சுரங்கப்பாதை இடிந்தது. பதினான்கு பேர். நசுங்கின உடம்புகளை வில்லையை வைத்துத்தான் அடையாளம் பார்த்தார்கள். 219 செத்தான் என்று எழுதினார்கள். சாயங்காலம் 304 வரவில்லை, ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். வீரப்பெருமாள் வெளியே வந்து நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லியிருந்தால், வில்லை மாற்றின குற்றத்துக்கு அவருக்கும் இன்னும் ஒன்பது பேருக்கும் ஜெயில், லயமே காலி. லயத்தில் இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் எங்கோ காட்டு ஓரத்தில் மரம் வெட்டிக்கொண்டு, இருட்டினதும் வந்து பெண்டாட்டி கையால் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஜப்பான்காரன் காலத்தில் பேய் வருவது நின்றதற்கு எனக்குத் தோன்றுகிற காரணம், ஆயிரக்கணக்கான கூலிகளைக் காவு வாங்கின சயாம் ரயில் பாதை வேலை. பெயரில்லாத ஆள்களைத்தான் முதலில் பிடித்துக்கொண்டு போனார்கள். இதற்கு என்னிடம் தாள் இல்லை.

"கெட்டிக்காரக் கூட்டம்ண்ணே," என்றாள் ஃபௌசியா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இதுல சிக்கல் இருக்கு. செத்துப்போனவர் இன்னார்னு மாத்தி எழுதணும்னா ரெண்டு பக்கமும் உயிரோட ஒரு ரத்தச் சொந்தம் நிக்கணும். வீரப்பெருமாளுக்குக் கோமளா நிப்பாங்க. சடையனுக்கு?"

சடையனுக்கு நான்தான். நின்றால், உறவு இல்லை என்று நான் போட்ட கையெழுத்து பொய்யாகிவிடும். வேலை போகும். வேலையோடு சேர்ந்தது என் பெர்மிட். பதினான்கு நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். நிற்காவிட்டால், தடயம் இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம். யாருக்கும் தெரியாது. ஃபௌசியா சொல்ல மாட்டாள். அவளே அதைச் சொன்னாள்.

மறுநாள் கோமளாவின் பட்டறைக்குப் போனேன். ஒரு லாரிக்கு அடியிலிருந்து பலகையில் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் தாத்தா மூன்று வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார். ஒரு கடுதாசி. யார் கையையாவது பிடித்து, பெயர் போடாமல், உன் புருசன் ஓடவில்லை, செத்துவிட்டான் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி வராததால் பெரியநெசலூரில் ஒரு பெண்பிள்ளை சாகும்வரை பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஊர் அதைப் பார்த்துச் சிரித்தது. நான் கத்தவில்லை. ஆனால் பட்டறையில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கோமளா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"போட்டிருக்கணும்ணே. போடல. அதுக்கு நான் என்ன சொன்னாலும் பத்தாது." கையைத் துணியில் துடைத்தாள். "நீங்க வர வேணாம். உங்க வேலைய நீங்க பாருங்க. எங்க ஆளுக்காக உங்க ஆளு ஒரு தடவ போனதே போதும்."

என்னைச் சார் என்று கூப்பிடுவதை அன்றைக்குத்தான் விட்டாள்.

நான் அறைக்குத் திரும்பி அம்மாவுக்குப் போன் செய்தேன். வேலை போகப்போகிறது என்று சொல்லத்தான் செய்தேன். அதைச் சொல்வதற்குள் மற்றதைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, சடையன் ஓடிப்போவல. அன்னிக்கே குழியில செத்துட்டாரு. பக்கத்து வூட்டு ஆளுக்காவ எறங்குனாரு."

அம்மா கேட்டாள்: "காலையில வயித்துக்கு எதனா சாப்ட்டுட்டு எறங்குனாராடா?"

எந்தத் தாளிலும் அது இல்லை. தெரியவில்லை என்றேன். அம்மா போனை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கிவிட்டாள். முதலில் குழாயடிக்காரி வீட்டுக்குப் போனாள். அந்தக் காலத்துக் குழாயடிக்காரி செத்துவிட்டாள், மருமகள்தான் இருந்தாள். பரவாயில்லை என்று அவளிடமே சொன்னாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. நான் கிள்ளானில் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் தெரு முழுவதும் அம்மாவின் குரல் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டேன். கோயில் வரை போய்விட்டு வந்துதான் வைத்தாள். வேலை விஷயத்தைச் சொல்ல அவள் இடமே கொடுக்கவில்லை.

விசாரணை நாளில் நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அங்கே ஃபௌசியா உட்கார்ந்தாள். நான் சாட்சிக் கூண்டில் நின்றேன். கோமளாவின் குடும்பம் இரண்டு வரிசை நிரம்ப வந்திருந்தது. அவள் அப்பா தெய்வீகன் இஸ்திரி போட்ட சட்டையோடு கடைசி நாற்காலியில், கதவுக்குப் பக்கத்தில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தார்.

மன்றத் தலைவர் ரொஹானா என்ற அம்மாள். முகத்தில் எதையும் காட்டாதவர். அரசு வக்கீல் முதலில் என்னைப் பிடித்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் உறவு இல்லை என்று கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்றார். நான்தான் என்றேன். அது பொய்தானே என்றார்.

"போட்டப்ப தெரியாதுங்க. தெரிஞ்ச ஒடனே வந்துட்டன்."

அவர் அதை விட்டுவிட்டு முக்கியமான இடத்துக்கு வந்தார். 219-ஆம் வரியில் வேறு ஆளின் விரல் இருந்தது சரி, சுரங்கத்தில் செத்தது வேறு ஆள் என்பதும் சரி. ஆனால் வீரப்பெருமாள் அதற்குப் பிறகு உயிரோடு இருந்தார் என்பதற்கு என்ன சாட்சி? அன்றைக்கே காட்டில் புலி அடித்துக் கொன்றிருக்கலாம். மூன்று வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அவர்தான் தகப்பன் என்று எப்படிச் சொல்வது? ரத்தம் என்றுதான் இயந்திரம் சொல்கிறது, பேரன் என்று சொல்லவில்லை. மறுபடி ஆவியைக் கூப்பிடப்போகிறீர்களா என்று கேட்டார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். தெய்வீகன் எழுந்துவிட்டார். கோமளா திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்தார்.

ஃபௌசியா ஒரு பக்கத்தை நாய்க்குக் காட்ட அனுமதி கேட்டாள். முதல் நாள்தான் ஆவணக் காப்பகத்திலிருந்து வந்த மூலப் பக்கம். 1939 பிறப்புப் புத்தகம். இதுவரை இரண்டு விசாரணையிலும் இந்தக் குடும்பத்துக்கு எதிராகக் காட்டின அதே பக்கம். அதன் நகலைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள். நகலுக்கு வியர்வை கிடையாது.

திரையில் முதலில் அங்கம்மாளின் கட்டை விரல் வந்தது. பிறகு கிராணியின் விரல்கள், பக்கத்தைப் புரட்டின யார் யாரோ. அவற்றை எல்லாம் ஃபௌசியா ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசியில் ஒன்று நின்றது. பக்கத்தின் கீழ்ப் பாதியில், மை இல்லாமல், ஒரு முழுக் கை. ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கை நன்றாகப் பதிய.

"திங்கள் காலைப் பெரட்டு, 219-ஆம் வரி," என்றாள் ஃபௌசியா. "ஒரே ஆள்."

வீரப்பெருமாளின் கை. பெண்டாட்டியோடு பிறப்பு எழுதும் இடத்துக்குப் போயிருக்கிறார். செத்தவர் என்பதால் கைநாட்டு வைக்க முடியாது. யாரோ துணைக்கு வந்த ஆள் போல நின்றிருக்கிறார். அங்கம்மாள் புருசன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். செத்துவிட்டானே என்று கிராணி கேட்டிருப்பார். அவள் மாற்றிச் சொல்லவில்லை. கிராணி எழுதி முடித்ததும் அவர் தன் கையை அந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

மன்றத் தலைவர் அந்தத் தாளை அருகில் கொண்டுவரச் சொன்னார். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது. அவர் தன்னையறியாமல் கையை நீட்டினார். ஃபௌசியா மலாயில் மரியாதையாக, புவான், தொட வேண்டாம் என்றாள். அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டார்.

"எதற்காகக் கையை வைத்திருப்பார்?" என்று பொதுவாகக் கேட்டார்.

பதில் சொன்னது தெய்வீகன். பின்வரிசையிலிருந்து, யாரும் கூப்பிடாமல் எழுந்து சொன்னார். "எம் பேத்தி பொறந்தப்ப பேரு எழுதுன சீட்ட நானும் தொட்டுத்தான் பாத்தேன். எல்லா அப்பனும் தொடுவான்மா."

தீர்ப்பு வாசிக்க நாலு நிமிடம்தான் ஆனது. 219 வீரப்பெருமாள் இறந்தார் என்ற பதிவு ரத்து. மருதை அவருடைய மகன். கோமளேஸ்வரிக்கும் அவள் தகப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் அவள் அத்தைக்கும் குடியுரிமை. 304 சடையன் ஓடிவிட்டான் என்ற பதிவு ரத்து, பணியில் இறந்தார் என்று திருத்த வேண்டும். அந்த அத்தை பக்கத்தில் இருந்தவரிடம், நான் அப்பவே சொன்னேன், வந்தாரா இல்லையா என்று கேட்டது முன்வரிசை வரை கேட்டது. தெய்வீகன் கதவைத் திறந்து வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நடைபாதையில் முன்பின் தெரியாத ஒரு காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு என் விஷயம். உறுதிமொழி தவறாக இருப்பதால் பணி நீக்கம், பெர்மிட் பதினான்கு நாளில் முடியும். ரொஹானா அம்மாள் இதையும் அதே குரலில் வாசித்தார். கோப்பை மூடினார். மூடிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, தீர்ப்பில் இல்லாத ஒன்றைச் சொன்னார். இந்தச் சட்டம் போருக்கு முன்னால் இங்கே உழைத்தவரின் ரத்தத்துக்கு உரிமை தருகிறது, அந்த ரத்தம் எந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. விண்ணப்பம் கீழே மூன்றாம் கவுண்டரில் கிடைக்கும்.

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஆறு வருடமாக அந்தக் கட்டடத்தில் எல்லாருடைய வேரையும் தேடிக் கொடுத்தவன் நான். என்னை ஊர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், வந்து போகிறவர் என்று அர்த்தம்.

போவதா இருப்பதா என்று நான்கு நாள் யோசித்தேன். அம்மாவைக் கேட்டதற்கு, அவரு செத்த எடத்துல நம்ம ஆளு ஒருத்தன் இருந்தாதான் என்னா, வருசத்துக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போ என்றாள்.

விண்ணப்பத்துக்கு ஒரு குடிமகன் ஜாமீன் நிற்க வேண்டும். நீல அட்டை வாங்கிப் பதினோராம் நாள் கோமளா வந்தாள். முந்தின நாள்தான் லைசென்ஸ் கிடைத்திருந்தது. பத்துச் சக்கர லாரி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, அலுவலக வாசலில் நான்கு கார் நிற்கிற இடத்தை அடைத்து நிறுத்தினாள். எடுக்கச் சொன்ன காவலாளியிடம் சாவியை நீட்டி, நீங்களே எடுங்கண்ணே, எனக்கு இன்னும் ரிவர்ஸ் சரியா வரல என்றாள்.

மூன்றாம் கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண். கோமளாவின் அட்டையைப் பார்த்துக்கொண்டாள். விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்று கேட்டாள். தாய், தகப்பன், கணவன் மனைவி, உடன்பிறப்பு, மற்றவை. மற்றவை என்றால் என்ன என்று எழுத வேண்டும்.

நான் நண்பர் என்று போடலாம் என்றேன்.

"ஃபிரண்டா? போங்கண்ணே." கோமளா கவுண்டரில் முழங்கையை ஊன்றி யோசித்தாள். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் சீக்கிரம் என்றார்.

"இருங்க அங்கள். நூத்தி முப்பத்தஞ்சு வருசமா நிக்கிறோம்."

பிறகு அந்தப் பெண்ணிடம், லயத்துக்காரங்க என்று போடச் சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டதற்கு மலாயில் விளக்கினாள்: ஒரே கூரை, நடுவில் ஒரு பலகைச் சுவர், இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் சுக்குத் தட்டுவார்கள். அந்தப் பெண் எழுத்துக்கூட்டிக் கேட்டு, நிதானமாக அடித்தாள். தாளைத் திருப்பி எங்கள் பக்கம் தள்ளினாள்.

கோமளா கட்டை விரலைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, என் பெயருக்கு நேரே அழுத்தினாள்.